ஆறு மாதச் சம்பளத்தைச் சேமிக்க முடியாதவர்கள் என்ன செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை பறிபோகும் நிலை வந்தால் அதற்கு எப்படித் தயாராக இருப்பது என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு மாதச் சம்பளத்தைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள், கிரெடிட் கார்டு பாக்கியைத் தீர்த்துவிடுங்கள், நல்ல முறையில் சுயவிவரம் எழுதித் தயாராக வைத்திருங்கள் என்றெல்லாம் அதில் யோசனைகள் இருந்தன. யோசனைகளில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் விடிவதற்கு முன் குடியாத்தத்தில் கம்பெனி பஸ் ஏறி, உள்ளி, மாதனூர் வழியாக ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போகிற பெண் அதைப் படித்திருந்தால் சிரித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பரணில் விரிக்க எடுத்து வைத்திருப்பாள். மாதம் பதின்மூன்றாயிரம் வாங்குகிறவளுக்கு ஆறு மாதச் சம்பளம் என்றால் 78,000 ரூபாய். அவ்வளவு பணம் கையில் சேர்ந்தால் அவள் முதலில் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவாள். அதுதான் நியாயமும்கூட.

நான் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கும் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பி.எப். என்கிற வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு என்று தொடங்கி, கடைசியில் கணக்கு முடிக்கும் காகிதம் வரை எல்லாம் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போகும். 2008-ல் வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கியதையும், 2020-ல் கொரோனாவால் தைத்து முடித்த ஜோடிகள் கிடங்கிலேயே கிடந்ததையும் அந்த மேசையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது நான் வேலையில் இல்லை. அதன் விளைவை என் தெருவிலேயே பார்த்தேன்.

இத்தனையும் பார்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் பணத்தைச் சேர்த்து வைத்துத் தயாராவது கடினம். காகிதத்தைச் சரிசெய்து தயாராகலாம். அதற்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் கூலியும் ஒரு நாள் லீவும்தான். அப்படித் தயாராக இருக்கிறவளுக்குச் சட்டப்படி வர வேண்டிய தொகை, கட்டுரையாளர் சொன்ன அந்த ஆறு மாதச் சம்பளத்தைவிட அதிகமாகவே இருக்கும். கணக்கைப் பின்னால் போட்டுக் காட்டுகிறேன்.

வேலை போவதைப் பற்றி வீட்டில் பேசினாலே, "நல்ல நாளும் அதுவுமாக ஏன் இந்தப் பேச்சு" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனால் தொழிற்சாலையில் எதுவும் திடீரென்று நடப்பதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். காண்ட்ராக்டில் வந்தவர்களை வர வேண்டாம் என்பார்கள். பிறகு சாம்பிள் செக்ஷன் ஓய்ந்துவிடும். எங்கள் தொழிலில் இதைத்தான் நான் பெரிய அறிகுறி என்பேன், ஏனென்றால் இன்று சாம்பிள் தைக்கவில்லை என்றால் அடுத்த சீசனுக்கு ஆர்டர் இல்லை. அதன்பின் இரண்டு பஸ் வந்த ஊருக்கு ஒரே பஸ் வரும். அதில் நின்றுகொண்டு வருகிறவர்கள் டிரைவரோடு சண்டை போடுவார்களே தவிர, ஏன் ஒரு பஸ்ஸை நிறுத்தினார்கள் என்று கேட்க மாட்டார்கள். கடைசியாக, சம்பளத்தில் பிடித்த பி.எப். தொகை கணக்கில் ஏறுவது தாமதமாகும். ஒவ்வொரு மாதத் தொகையையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் ஏறவில்லை என்றால் அங்கே பணமுடை என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பி.எப். கணக்கில் பதிவான செல்போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு விவரம் குறுஞ்செய்தியாக வந்துவிடும்.

"பதிவான செல்போன்" என்றேனே, அங்கேதான் பாதிப் பேருடைய கதை தடுமாறுகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று கையில் இருந்தது கணவருடைய போனோ தம்பியுடைய போனோ. அந்த எண்ணைக் கொடுத்திருப்பாள். அந்த சிம் எப்போதோ செயலிழந்து, இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. பணம் எடுக்க விண்ணப்பிக்கும்போது ரகசிய எண் அந்த யாருக்கோ போகும்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். நம் ஊரில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஒரு இனிஷியல், புகுந்த வீட்டில் ஒன்று. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து. ரேஷன் கார்டில் கணவரின் எழுத்து. ஆதார் எடுக்க வந்தவர் இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப் பெயரையே பெயருக்குப் பின்னால் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். கம்பெனியில் சேர்த்துவிட்ட மேஸ்திரி வாயால் சொன்ன பெயர் நான்காவது. வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் பெண்கள் என்றால் பேகம், பீ, பானு என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு வால். ஆங்கில எழுத்துக் கூட்டல் வேறு நாலு விதம். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டுவிடுகிறார்கள். பி.எப். கணினிக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். வேலையில் இருக்கும்போது இதைத் திருத்துவது சுலபம். டைம் ஆபீசில் கேட்டால், நிறுவனமும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்து ஆதாரில் உள்ளபடி மாற்றிவிடலாம். நிறுவனத்தின் கதவு மூடிய பிறகு ஒப்புதல் கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு வேலூர் பி.எப். அலுவலகத்துக்கு அலைய வேண்டியதுதான். அப்படியே நாமினி பெயரையும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலருக்கு இன்னும் அப்பாவின் பெயரே இருக்கிறது.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்கைவிங் மெஷினில் அவளுக்கு ஈடு கிடையாது. தோலின் ஓரத்தை விரல் நுனியாலேயே அளந்து சீவுவாள். மூன்று கம்பெனி மாறியவள். மாறும்போதெல்லாம் பி.எப். பணத்தை முழுதாக எடுத்துவிட்டாள். ஒருமுறை காது குத்துக்கு, ஒருமுறை கூரை மாற்ற. பென்ஷன் பங்கையும் சேர்த்தே எடுத்துவிட்டாள். மொத்தம் பதினாறு ஆண்டு உழைத்தும், ஏட்டில் அவளுக்கு ஐந்து ஆண்டுதான் இருந்தது. பத்து ஆண்டு இருந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். இங்கே நான்கு, அங்கே ஆறு என்று இருந்தாலும், எடுக்காமல் ஒரே கணக்குக்கு மாற்றிக்கொண்டே வந்திருந்தால் அது பத்தாகிவிடும். வேலை போனதும் பி.எப். பணத்தில் ஒரு பகுதியை அவசரத்துக்கு எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அதற்குத்தானே அந்தப் பணம். பென்ஷன் பங்கை மட்டும் தொடாமல், சேவைக் காலத்துக்கான சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கம்பெனியில் அது தொடரும்.

இனி கையெழுத்து. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கணக்கு முடிக்கிற நாளில் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தைந்து பேராகக் கூப்பிடுவார்கள். நீள மேசை. ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு தாள் கொண்ட ஒரு கட்டு. கையெழுத்து போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கும். கடைசித் தாளில் ரெவின்யூ ஸ்டாம்பு முன்பே ஒட்டியாகிவிட்டது. ஒருவர் தாளைத் திருப்பிக்கொண்டே, "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்பார். பேனாவையும் அவரே கையில் திணிப்பார். செக் கண்ணில் படும்படி பக்கத்தில் இருக்கும். மேல் தாளில் தொகை. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். இரண்டாவது தாளில், "என் குடும்பச் சூழ்நிலை காரணமாக நான் சுயவிருப்பத்துடன் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், எனக்கு நிறுவனத்திடமிருந்து வேறு எந்தப் பாக்கியும் இல்லை" என்று அடித்திருக்கும். ஐந்து பேருக்கும் அதே குடும்பச் சூழ்நிலை! அந்தத் தாளை அடித்துக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலையாக இருந்ததால் அதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

அந்த இரண்டாவது தாளின் விலை என்ன என்று பார்ப்போம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய், முழுதாகப் பதினோரு ஆண்டு சேவை என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை: பதின்மூன்றாயிரத்தை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. ஆண்டுக்கு 15 நாள் வீதம் 7,500. பதினோரு ஆண்டுக்கு 82,500. ஐந்து ஆண்டு முடித்தவர் தானாக விலகினாலும் இது உண்டு. நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால் இதற்கு மேல் இரண்டு தொகை வரும். ஒன்று, ஒரு மாத முன்னறிவிப்பு, அது கொடுக்காவிட்டால் ஒரு மாதச் சம்பளம், 13,000. இன்னொன்று, ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் வீதம் ஆட்குறைப்பு நஷ்டஈடு. அரை மாதம் 6,500 என்று வைத்தால் 71,500. இரண்டும் சேர்ந்து 84,500 ரூபாய். கட்டுரையாளர் சேமிக்கச் சொன்னது 78,000. சேமிக்க முடியாத அந்த ஆறு மாதச் சம்பளம் அந்தத் தாளுக்குள்தான் இருக்கிறது. "சுயவிருப்பத்துடன்" என்ற இடத்தில் கையெழுத்து போட்டதும் அது நிறுவனத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது.

இதெல்லாம் நான் புதிதாகச் சொல்வதில்லை. 1947-ம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த உரிமைதான் இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. மாறியது வேறு. முன்பு நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போது அந்த எண்ணிக்கையை முந்நூறாக உயர்த்திவிட்டார்கள். அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நஷ்டஈட்டை மட்டும் கொடுத்தாக வேண்டும். அதையும் ஒரு பேனாவால் தவிர்க்க முடியும் என்றால் பிறகு தொழிலாளிக்கு என்ன மிச்சம்? ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் பயிற்சிக்காக இன்னொரு 15 நாள் சம்பளம் தனி நிதியிலிருந்து வங்கிக் கணக்கில் வர வேண்டும் என்றும் புதிய சட்டத்தில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் எடுத்துத் தரப் போவதில்லை.

என்ன செய்யலாம் என்றால், அந்த மேசையில் வைத்துக் கையெழுத்து போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்பது யாரும் கோபித்துக்கொள்ள முடியாத பதில். தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க விடவில்லை என்றால் அதையே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தேவை கழுத்தை நெரிக்கிறது, வாங்காமல் வர முடியாது என்றால், கையெழுத்துக்குக் கீழே தமிழில், "நிறுவனம் வேலை இல்லை என்று சொன்னதால் பெற்றுக்கொள்கிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி எழுதித் தேதி போடுங்கள். மறுநாளே அதை விளக்கி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குச் சேரும்போதே எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் இடங்களும் உண்டு. அப்படிக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கடிதமும் ரசீதும் இன்னும் முக்கியம்.

எல்லா முதலாளிகளையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. 2020-ல் ஆர்டர் இல்லாமல் வங்கிக்கும் பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். கொடுக்க வேண்டியதைத் தவணையாகவாவது கொடுத்துத் தீர்த்தவர்களை நான் அறிவேன். ஆர்டர் வராவிட்டால் முதலாளி என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டமும் அந்தக் கேள்வியை யோசித்துத்தானே எழுதப்பட்டது.

நிரந்தரமாக அனுப்பாமல், "ஒரு மாதம் வீட்டில் இருங்கள், ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று சொல்வதும் நடக்கிறது. ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஓராண்டு சேவை முடித்த நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கொடுக்க வேண்டும். ஆனால் வேலை நேரத்தில் போய் வருகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. வாய்வார்த்தையாக வர வேண்டாம் என்றார்கள் என்று வீட்டில் இருந்துவிட்டால், பின்னாளில் "பத்து நாள் தொடர்ந்து வரவில்லை, வேலையைக் கைவிட்டுவிட்டார்" என்று எழுதிவிட முடியும். எழுத்தில் கேளுங்கள். நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தால் அதையும் படம் எடுங்கள்.

இ.எஸ்.ஐ. பற்றிக் கொஞ்சம். வேலை போனதும் இ.எஸ்.ஐ. கார்டை அலமாரியில் போட்டுவிட்டு, இருக்கிற கம்மலை வைத்துத் தனியார் வைத்தியத்துக்குப் போகிறார்கள். கார்டு அன்றோடு செத்துவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்த சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த அரையாண்டில் 78 நாளாவது சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே அக்டோபரில் நின்றவர், கணக்கு சரியாக இருந்தால், அடுத்த ஜூன் வரை மருந்தகத்துக்குப் போகலாம். இது தவிர, வேலை இழந்தவருக்கு அன்றாடச் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை கொடுக்கும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் 2018-லிருந்து இருக்கிறது. வாழ்நாளில் ஒரே முறைதான். ஆலை மூடலிலோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவர்களுக்கு ராஜீவ் காந்தி பெயரில் இன்னொரு திட்டம். அதில் முதல் ஆண்டு சம்பளத்தில் பாதியும் இரண்டாம் ஆண்டு கால் பங்கும் வரும். விருப்ப ஓய்வு என்று காகிதத்தில் இருந்தால் இவை கிடைக்காது. அந்த இரண்டாவது தாள் இங்கேயும் வந்து குறுக்கே நிற்கிறது, பார்த்தீர்களா.

எந்த ஆபீசுக்குப் போவது என்பது எங்கள் பக்கத்துக்கே உரிய குழப்பம். பழைய வட ஆற்காடு 1989-ல் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. குடியாத்தத்துப் பெண் வேலூர் மாவட்டம். அவள் வேலை பார்க்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். ஜனங்கள் பழக்கத்தில் வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் மனு நாளில் நிற்பார்கள். அங்கே, "உங்கள் கம்பெனி எங்கள் எல்லை இல்லை" என்பார்கள். வேலைத் தகராறுக்கு வீடு இருக்கும் மாவட்டம் கணக்கில்லை, தொழிற்சாலை இருக்கும் இடம்தான் கணக்கு. பி.எப். விஷயத்துக்கு, ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த முகாம் எங்கே என்பதை இரண்டு நாள் முன்னதாகத் தங்கள் வேலூர் பதிப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா? ராசிபலனுக்குக் கீழே ஓர் அங்குல இடம் போதும்.

காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்கள் பி.எப். கம்பெனியின் பெயரில் இருக்காது, காண்ட்ராக்டர் பெயரில் இருக்கும். அவர் ஆளையும் போன் எண்ணையும் மாற்றுவதற்கு முன் அவருடைய பி.எப். குறியீட்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளச் சீட்டு கொடுக்காதவராக இருந்தால், வங்கியில் சம்பளம் ஏறிய பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். கேட்டின் அருகே நுழைவு அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதற்குள் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வேலை பார்த்தோம் என்பதற்கே வேறு ஆதாரம் இல்லாமல் திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடன் விஷயத்தில் எனக்குக் கட்டுரையாளரோடு பெரிய தகராறு இல்லை. ஆனால் எங்கள் கடன் வேறு மாதிரி. வாரத் தவணைக் குழுக் கடன்தான் முதல் எதிரி. பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்திக்கு வேலை போனால் ஒன்பது பேர் அவள் வாசலில் நிற்பார்கள், அந்த ஒன்பதில் நாலு பேருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. ஓவர்டைம் நின்ற மாதத்தில் புதுக் குழுக் கடன் எடுக்காதீர்கள். சீட்டு போட்டிருந்தால், எடுக்காத சீட்டைத் தள்ளி எடுப்பதைவிட, முடிகிறவரை விட்டு வைப்பது நல்லது. எடுத்துவிட்டால் வேலை போன பிறகும் மாதாமாதம் கட்ட வேண்டியிருக்கும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற வங்கிக் கணக்கிலிருந்து தவணை தானாகப் பிடிக்கும்படி யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். நகையை வைப்பதானால் தெருமுனை அடகுக் கடைக்கு முன் கூட்டுறவு வங்கியில் கேளுங்கள்.

வேறு வேலை? இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. செய்யாறு சிப்காட்டில் விளையாட்டு ஷூ தைக்கிறார்கள். பனப்பாக்கத்திலும் காலணித் தொழிற்சாலை, கார் தொழிற்சாலை என்று புதிதாக வருகின்றன. அங்கெல்லாம் இளவயதுப் பெண்களைத்தான் தேடுவதாக எங்கள் தெருப் பெண்கள் சொல்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவளுக்குக் கையில் இருக்கும் ஒரே சிபாரிசு, எத்தனை மெஷின் தெரியும் என்பது. பத்து ஆண்டாக ஒரே லைனில் ஒரே தையலைத் தைத்தவள் வெளியே போனால் ஹெல்பர் சம்பளத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். போஸ்ட் பெட் என்கிற தூண் வைத்த தையல் மெஷினில் உட்காருகிறவள், வேலை குறைந்து லைன் சும்மா இருக்கும் நாட்களில், பக்கத்து ஸ்கைவிங் மெஷினையோ இரட்டை ஊசியையோ கேட்டுப் பழகிக்கொள்ளட்டும். தெரிந்த சூபர்வைசர்கள் மறுப்பதில்லை, மெஷின் சும்மாதானே கிடக்கிறது. விளையாட்டு ஷூவுக்கு, அப்பரை அடித்துணியோடு சேர்க்கிற ஸ்ட்ரோபல் தையல் தெரிந்தால் தனி மதிப்பு. ஒன்றும் அமையாதபோது எங்கள் பக்கத்துப் பெண்கள் மறுபடி பீடி முறத்தை மடியில் வைத்துக்கொள்கிறார்கள். அதை நான் மாற்று வேலை என்று சொல்ல மாட்டேன்.

என் ஓரகத்தியின் மகன் பெங்களூரில் கணினி நிறுவனத்தில் இருக்கிறான். தொழிலாளர் சட்டம் எல்லாம் ஷூ கம்பெனி ஜனங்களுக்குத்தான் என்பது அவன் எண்ணம். அவன் நண்பனை ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, ராஜினாமாவை நீயே பதிவு செய்துவிட்டால் அனுபவச் சான்றிதழ் நன்றாக வரும் என்று சொன்னார்களாம். ஏர்கண்டிஷன் அறையாக இருந்தாலும் இரண்டாவது தாள் அதேதான். அவனுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும், எங்கள் இ.எஸ்.ஐ. போல அடுத்த அரையாண்டு வரை வராது. அம்மாவின் சர்க்கரைக்கும் அப்பாவின் இதயத்துக்கும் அவன் சொந்தமாக ஒரு பாலிசி இப்போதே எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பாலிசியில் மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். காப்பீடு என்று எதுவும் இல்லாத வீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்துவிடலாம்.

தொழிற்சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆட்குறைப்பு நடந்த பிறகு கேட்டின் முன் கொடி பிடிக்கிறீர்கள், நல்லது. அதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதனூரிலோ பேரணாம்பட்டிலோ பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களின் பி.எப். பெயர், போன் எண், நாமினி மூன்றையும் சரிபார்த்துக் கொடுங்கள். கூட்டம் நீங்கள் எதிர்பார்க்காத அளவுக்கு வரும். கணினி தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் உட்காருவார்கள்.

தங்கள் கட்டுரையாளருக்கு என் மேல் வருத்தம் வேண்டாம். அவர் எழுதியதில், வேலை போவதை வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள் என்ற ஒரு வரியை நான் என் பெண்களிடம் வாசித்துக் காட்டினேன். மற்றதை அவர் இன்னொரு முறை எழுதும்போது ஆம்பூர் ரயில் நிலையத்தில் மாலை ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வந்து பேசிவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

கடிதத்தில் நீளம் அதிகம் என்றால் கடன் பற்றிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். கையெழுத்து பற்றியதையும் 84,500 ரூபாய்க் கணக்கையும் வெட்ட வேண்டாம். என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் வைத்திருக்கிறேன்; தயவுசெய்து அச்சிடாதீர்கள். என் மருமகள் இன்னும் அந்த லைனில்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.